மேட்டைச் சுற்றிப் போகாத றோட்டு

பிள்ளைகளே, நீங்கள் காரில் பத்து நிமிடத்தில் தாண்டிப் போகிற அந்த நேரான றோட்டு, நான் கோடு பிடித்து மரமுளை அடித்துக் கொடுத்த றோட்டு. "அப்பா றோட்டுப் போட்டவர்" என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கண்ணில் நிற்பது ஒரு சிகரெட் பெட்டி. எழுபதுகளின் நடுப்பகுதி, மெல்பேணின் மேற்குப் புறத்தில் வேலை. வேலையை மேற்பார்க்கும் எங்கள் போர்மன் அயர்லாந்துக்காரர். தேத்தண்ணி நேரத்தில் அந்தப் பெட்டியின் முதுகில் ஒரு வட்ட மண்மேட்டையும், அதன்மேல் ஒற்றை முள்மரத்தையும் பென்சிலால் கீறிக் காட்டுவார். அவருடைய தகப்பனின் வயலுக்குள் இருந்த மேடு. எந்தக் காலத்தில் யார் கட்டியதென்று ஒருவருக்கும் தெரியாது. உள்ளே சின்னஞ்சிறு மனிதர்கள் குடியிருக்கிறார்களாம். அதன்மேல் படுத்துறங்கிய ஒருவன் எழும்பி வீட்டுக்குப் போனால், அவனுடைய பிள்ளைகள் நரைத்த கிழவர்களாக இருந்தார்களாம். முள்மரத்தில் ஒரு கொப்பை வெட்டியவனுக்கு வாய் கோணிப்போனதாம். தகப்பன் உழும்போது குதிரையை எட்டத்திலேயே திருப்பிவிடுவாராம். "எங்கட ஊரில றோட்டே அதைச் சுத்தி வளைஞ்சுதான் போகுது" என்று சொல்லும்போது அந்தப் பெரிய உருவத்தின் கண் கலங்கும். அவர் பேசியது இங்கிலிசு; என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் நிற்கிறது. காவல் தெய்வம் வைரவரின் சூலம் நட்ட பூவரச மரத்துக்காக எங்கள் ஊர் வேலி வளைந்து போவதை நானும் சொல்வேன். தோளில் தட்டுவார். நல்ல மனுசன் என்றுதான் நம்பியிருந்தேன்.

பிறகு எங்கள் றோட்டுக் கோட்டிலேயே ஒரு மேடு வந்தது. ஓடைக்கரையில், இடுப்பளவு உயரம், கறுத்த மண், அதற்குள் சுட்ட களிமண் கட்டிகள். றோட்டை ஆறடி ஒதுக்கலாம் என்று பிளானிலேயே இருந்தது. ஒதுக்குவதும் விடுவதும் போர்மனின் கையில். முளை அடிக்க வேண்டிய நாள் காலையில் அந்த நிலத்தின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஒரு அம்மா நடந்து வந்தார். "இது என்ர ஆக்கள் காலங்காலமாச் சமைச்ச இடம். செத்த ஆக்களும் இதுக்குள்ள இருக்கினம்" என்றார். சத்தம் போடவில்லை. போர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் துணிந்து கேட்டேன். "நீங்கள் கீறிக் காட்டின மேடு மாதிரித்தானே இதுவும்? ஆறடி வளைச்சு விடுவமே?"

"அது வேற. அங்க உள்ளுக்க ஆக்கள் இருக்கினமடா."

அந்த அம்மா எங்களுக்கு நேரெதிரே நின்றுகொண்டிருந்தார்.

என்னோடு வேலை செய்த பருத்தித்துறை அண்ணர் காதுக்குள் சொன்னார்: "தம்பி, இவன் பூதத்துக்கு வளைவான், மனுசருக்கு வளையான். உமக்கு வேலை வேணுமெண்டால் பேசாமல் அடியும்." உங்கள் அம்மாவை ஊரிலிருந்து கூப்பிட எனக்கு நிரந்தர வேலை வேண்டியிருந்தது. அதுதான் என் சாட்டு. அடித்தேன். மேட்டின் உச்சியிலேயே ஒரு முளை அடித்தேன். மத்தியானத்துக்குள் புல்டோசர் அதைத் தட்டையாக்கிவிட்டது. அந்த அம்மா கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்றும் அறியாதவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. மேடு என்றால் என்னவென்று தெரிந்தவர் செய்தார். பின்னேரமும் வந்து அதே பெட்டியை நீட்டி, சிகரெட் வேணுமோ என்று கேட்டார். தெரிந்த நானும்தானே செய்தேன்? முப்பது பேருக்கு முன்னால் சுத்தியலைக் கீழே போட எனக்கு ஏலவில்லை. அந்தக் கோபம் அவரோடு முடியாமல் என்னிலும் வந்து நிற்கிறது.

அன்று நான் குடியிருந்த ஸ்பிரிங்வேல் அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். அடியில் கறுப்பு மண்ணும், நகமளவு சுட்ட களிமண் துண்டும் அப்பியிருந்தன. ஒரு குச்சியால் சுரண்டிப் பேப்பரில் மடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலும் பஸ்ஸும் ஏறித் தனியே போனேன். றோட்டுக்கு வெளியே, ஓடைக்கரையில் மிஞ்சியிருந்த புல்லைக் கையால் விலக்கினேன். என்ன சொல்லிக் கும்பிடுவதென்று தெரியாததால் கும்பிடவில்லை. பேப்பரிலிருந்த மண்ணையும் களிமண் துண்டையும் கொட்டி மூடிவிட்டு, வெறும் பேப்பரோடு பஸ்ஸுக்கு நடந்தேன்.