வேன் போன தெருக்கள்

ஜெயசீலி டாக்டருக்கு ஒரே பிடிவாதம்: தொற்றுநோய் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு லண்டன் போயே தீர வேண்டும். தாம்பரத்துப் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் வேலை. வருஷம் தொண்ணூற்று மூன்று. பயிற்சிக்கு இருந்ததோ ஒரே ஒரு இடம். சொந்தமாக ஓர் ஆய்வு செய்து காட்டினால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்கள்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிப்போகிறவர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். காசநோய் ஆஸ்பத்திரி என்று பெரிதாக எழுதிய வேனில் வீடு வீடாகத் தேடிப் போனாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் செம்பாக்கத்தில் பூக்காரி கன்னியம்மா வீட்டு வாசலில் வேன் நின்றதோ இல்லையோ, தெருவே எட்டிப் பார்த்தது. மறுநாள் அவளிடம் பூ வாங்க ஒரு ஈ காக்கை வரவில்லை. அதோடு அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வேன் போன தெருக்களில் எல்லாம் இதே கதை.

வேன்தான் தெருவுக்கே நோயைத் தண்டோரா போடுகிறது என்று ஜெயசீலிக்கு உறைத்தது. வேனை நிறுத்தினாள். மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

"இன்னாத்துக்கு வந்த? இருந்த பொழப்பு போனது பத்தாதா?" என்று கத்தினாள் கன்னியம்மா.

"திட்டுங்கம்மா. மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் திட்டுங்க."

வாரா வாரம் போய்த் திட்டு வாங்கினாள். ஒருநாள் கன்னியம்மா முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

பெரிய டாக்டர் வைத்தீஸ்வரன் ஆய்வைப் படித்துவிட்டு, "அந்த வேன் விவகாரத்தை எடுத்துடும்மா. எதுக்கு வீணா வாயைக் குடுத்து மாட்டிக்கறே?" என்றார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்! எடுக்கவில்லை.

இன்டர்வியூவில் ஒருவர் கேட்டேவிட்டார்: "உங்க ஆய்வு உங்க தப்பைத்தானே காட்டுது?"

"ஆமா சார். அடுத்த தப்பைச் சீக்கிரமா கண்டுபிடிக்கத்தான் பயிற்சி கேக்கறேன்."

இடம் கிடைத்தது. ஆனால் கன்னியம்மாவுக்கு இன்னும் ரெண்டு மாத மாத்திரை பாக்கி. தான் கிளம்பிவிட்டால் மறுபடி நிறுத்திவிடுவாளே என்று ஜெயசீலிக்குத் தூக்கமே இல்லை. செம்பாக்கம் போய், "நீங்க முடிக்கிற வரைக்கும் பயணத்தைத் தள்ளிப் போடறேம்மா" என்றாள்.

"தோ பாரு, உன் மூஞ்சிக்காகவா முழுங்குறேன்? எனக்கு உசுரு மேல ஆசை கீது. பஸ் ஏறி நானே ஆஸ்பத்திரிக்குப் போவேன். நீ போய்ப் படிச்சிக்கினு வா."

மானத்துக்குப் பயந்து ஓடியவளை உயிரின் அருமை தெரியாதவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள் ஜெயசீலி. வெட்கமாகப் போயிற்று. அப்புறம் சிரித்துவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.