குதிகால் தேய்த்த கல்

நிலவியல் ஆசிரியனாக எரிமலைத் தீவு ஒன்றுக்குச் சென்று வந்தபோது, குளிர்ந்த எரிமலைக் குழம்பின் மேலோட்டிலிருந்து உள்ளங்கையளவு கல்லொன்றைக் கொண்டுவந்தேன். ஒரே வாரத்தில் அது எங்கள் தென்காசி வீட்டுக் குளியலறையில் கிடந்தது. என் மனைவி அதில் குதிகால் தேய்த்திருந்தாள்.

“கால் தேய்க்கத்தான் வாங்கிட்டு வந்தீங்கன்னுல்லா நெனச்சேன்! எத்தன ஓட்ட பாருங்க” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. குழம்பு ஓடுகையில் உள்ளிருக்கும் வாயு குமிழிகளாக மேலேறும் என்றும், காற்றுப்பட்ட மேற்பரப்பு முந்தி இறுகிவிடுவதால் அவை அகப்பட்டுத் துளைகளாகும் என்றும், அடியில் குழம்பு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்றும் வகுப்பெடுத்தேன். பிறகு கல்லைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அதை மறுபடி கேட்கவேயில்லை.

சென்ற சாரல் சீசனில் அவள் நோயுற்றுப் படுக்கையில் இருந்தாள். இனி ஐந்தருவிக்குக் குளிக்கப் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். குதிகால் வெடிப்பில் போர்வை மாட்டுகிறது என்றாள். அலமாரியைத் திறந்து கல்லை எடுத்தேன். வெந்நீரில் நனைத்து நானே தேய்த்துவிட்டேன்.

“ஏங்க, ஒங்க கல்லு தேஞ்சிராதா?”

“தேயட்டும்” என்றேன்.

இப்போது மீண்டும் சாரல் விழுகிறது, அவள் இல்லை. கல் தேயவில்லை. அதன் துளைகளில் அவள் பாதத்தின் வெண்துகள் படிந்திருக்கிறது. நான் அதைக் கழுவவில்லை.