தலைவாசல் கதவில் பூனைக்கு ஒரு வழி

தலைவாசல் கதவில் ஓட்டை போட்டவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போட்டேன் என்றுதான் சொல்வேன். வீடு என்னுடையது, பூனை என்னுடையது, ரம்பம் மட்டும் இரவல்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வண்டிகளுக்குப் போகிற இரும்புப் பாகங்களில் துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் ஷிப்ட் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடுவேன். அப்பா அம்மா போன பிறகு என் சம்பளத்தில் ஒரு சின்ன மனை வாங்கி, ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு என்று வீடு கட்டினேன். நான் வேலையில் இருந்த நேரமெல்லாம் கொத்தனாரை மேய்த்தவன் என் தம்பி. அடுத்த தெருவில் குடும்பத்தோடு இருக்கிறான், பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறான். அவன் பட்ட பாட்டை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்குத் தாய் வீட்டுச் சீராகத் தலைவாசல் கதவையும் அவன்தான் கொடுத்தான். நல்ல தேக்கு. மேலே கஜலட்சுமி, கீழே தாமரை. வந்தவர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கதவோடு வந்த சாவிகளில் ஒன்றை அவன் தன் வண்டிச் சாவியோடு கோர்த்துக்கொண்டான். கட்டட வேலை முடிந்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

நான் ஷிப்ட்டுக்குப் போன பிறகு வருவான். ஏணியை ஹாலில் சாய்ப்பான். பெயின்ட் வாளிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். ஃபேனைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடுவான். நான் திரும்பும்போது டீ குடித்த டம்ளர் சிங்கில் கிடக்கும். சாவியைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே, பூட்டை மாற்ற வேண்டியதுதானே என்று என்னோடு வேலை பார்க்கிற சின்னப் பெண்கள் கேட்பார்கள். சொல்வது சுலபம். எங்கள் வீடுகளில் தம்பியிடம் சாவியைக் கேட்டால் நீ எனக்கு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூனை ஒரு மழையில் வந்தது. நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் நிற்கிற இடத்தில் வளர்ந்த கடுவன், காதில் ஒரு கிழிசல், யாரையும் மதிக்காத நடை. கதவோரம் வந்து நின்று, சோறு போட்டாயா இல்லையா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தது. போட்டேன். மறுநாள் சோபா அதனுடையது ஆகிவிட்டது. எட்டு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒரு உயிர் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைப் பார்ப்பதற்காகவே வேகமாக நடந்து வருவேன்.

அது போய் வர ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். தம்பி வந்து சாத்திவிடுவான். கொசு வரும், திருடன் வருவான் என்பான். ஒருமுறை அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் போனதால் நானே தொடர்ந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அவன் ஜன்னலைச் சாத்தி, பூனையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பூனை என்ன செய்யும்? அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ள அவன் என் கட்டிலில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் மேல் போய்விட்டது.

நான் திரும்பியபோது சட்டையைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

“யக்கா, இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னு வெய்யி, சாக்குல கட்டி வண்டில வெச்சிக்கினு போய் ஆரம்பாக்கம் தாண்டி உட்டுட்டு வந்துடுவேன். அப்பால ஆந்திராவுல போய் தெலுங்குல கத்தட்டும்.”

“நீ ஏன்டா ஜன்னல சாத்தின?”

“ஊடுன்னா சாத்தத்தான் செய்வாங்க. பூனைக்காக தொறந்து போட்டுக்கினு இருப்பாங்களா?”

அவன் வாய்ச்சொல்லோடு நிற்கிறவன் இல்லை. அவன் வீட்டு மாடியில் குட்டி போட்ட பூனையைக் குட்டிகளோடு அப்படித்தான் சாக்கில் கட்டிக்கொண்டு போனான். எல்லை தாண்டி, நடுவில் ஒரு ஆறும் தாண்டிவிட்டால் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அன்றைக்கு நான் பயந்துபோனேன். நான் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கிற நேரத்தில், என் வீட்டைத் திறந்து, என் பூனையைப் பிடித்துக்கொண்டு போக அவனிடம் சாவி இருக்கிறது. அவன் வரும் சத்தம் கேட்டதும் பூனை வெளியே ஓட வேண்டும். அதற்கு யாராலும் சாத்த முடியாத ஒரு வழி வேண்டும்.

வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பின்வாசல் கிடையாது, மனை அவ்வளவுதான். ஜன்னல்கள் எல்லாம் அவன் கைக்கு எட்டுபவை. பாத்ரூம் வென்டிலேட்டர் பூனைக்கே எட்டாது. சுவரை உடைக்கலாம் என்றால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் மிஞ்சியது தலைவாசல் கதவு. அதைப் பார்த்தேன், லட்சுமியும் என்னைப் பார்த்தாள்.

ஆன்லைனில் பூனைக் கதவு என்று ஒன்று விற்கிறார்கள். வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு, காந்தத்தில் ஒட்டி நிற்கும். வீடியோவில் ஒரு வெளிநாட்டுப் பூனை பூமாதிரி உள்ளே நுழைந்தது. வாங்கினேன். எங்கள் கதவின் கனத்துக்கு அதன் திருகாணி பாதிகூட எட்டவில்லை. போகட்டும், பூனைக்காவது பிடிக்கிறதா பார்ப்போம் என்று ஒரு அட்டைப்பெட்டியில் பொருத்தி வைத்தேன். தகட்டில் தன் முகத்தைப் பார்த்து, வேறு பூனை என்று நினைத்து, முடியைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு அறை விட்டது. தகடு திரும்பி வந்து அதன் மூக்கில் அடித்தது. அந்தப் பெட்டி இருந்த பக்கம் அப்புறம் அது போகவே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

தகடுக்குப் பதில் எனக்குக் கிடைத்தது மட் ஃப்ளாப். லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்குகிற கறுப்பு ரப்பர். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் லாரிச் சாமான் விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் எடுத்துப் போட்டதில் பாதியில் கண்திருஷ்டிப் பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாத வெறும் கறுப்பு வேண்டும் என்றேன். “இன்னா வண்டிம்மா?” என்று கேட்டார். பூனை என்றேன். வெறும் கறுப்பு ஒன்றை உருவிப் போட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார்.

அடுத்தது அளவு. கம்பெனியில் துளையைச் சோதிக்க இரண்டு முனையுள்ள ஒரு உருளை வைத்திருப்போம். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் பாகம் தேறும். அதே மாதிரி அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்தேன். போக வேண்டியது பூனை. போகக் கூடாதது, வெளியிலிருந்து கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொடுகிற மனிதன். தரையில் படுத்து, தோள் வரை கையை நீட்டி, தாழ்ப்பாள் எட்டாத மூலையைக் குறித்தேன். டிசம்பர் மழையில் வாசலுக்குத் தண்ணீர் வருகிற உயரத்தையும் தாண்டிக் கோடு போட்டேன். கோடு சரியாகத் தாமரையின் நடுவில் விழுந்தது.

எதிர் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, “ஓட்ட போட்டா பாம்பு வரும் பாரு” என்றார். போன வருஷம் அவர் வீட்டுக்குப் பாம்பு நடுவாசல் வழியாக, திறந்த கதவில் ராஜநடையாக வந்ததை நினைவுபடுத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தச்சர் அதைவிட மோசம். அட்டையைக் கதவில் வைத்துக் காட்டியதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“யம்மா, சாமி இருக்கிற கதவு. நா கை வெக்க மாட்டேன். எனக்குப் புள்ளக்குட்டி இருக்குது.”

“மிஷினக் குடுங்க, நானே போட்டுக்கறேன்.”

“மிஷின் குடுக்கறேன். ஆனா நா பாக்க மாட்டேன்.”

சொன்னபடி தெருவைப் பார்த்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் நான்கு மூலையிலும் துளை போட்டு, ரம்பத்தை உள்ளே விட்டேன். தேக்கு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கை உதறியது, தூள் கண்ணில் விழுந்தது. மனுஷனுக்கு முதுகிலும் காது போல. “அழுத்தாதம்மா, பிளேடு புட்டுக்கும்... மொள்ள... ஆங், இப்டியே வுடு” என்று தெருவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தாமரை வெளியே விழுந்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஓட்டை வழியாக வெயில் ஹாலுக்குள் வந்தது.

ரப்பரை அளவாக வெட்டி, மேல்பக்கம் பட்டை வைத்துத் திருகினேன். காரப்பொடி மீனைப் பொரித்துத் தட்டை உள்ளே வைத்தேன். பூனை வெளியே நின்று அழுதது, திட்டியது, ரப்பரை மோந்தது. பிறகு தலையைக் கொடுத்துத் தள்ளியது. தலை வந்தது, தோள் வந்தது, அப்புறம் வயிற்றை ஒரு எக்கு எக்கி முழுசாக உள்ளே வந்து நின்றது. அன்றிலிருந்து வேலையே இல்லாமல்கூடப் போய்ப் போய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். சாவியைப் பூட்டில் போடக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பூனை அவன் காலைத் தாண்டிப் பாய்ந்து தெருவுக்குப் போனது. நான் நினைத்தது நடந்துவிட்டது என்று ஜன்னலில் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“இன்னாக்கா இது?”

“பூனை போற வழி.”

“நா சீர் குடுத்த கதவுக்கா! லட்சுமி கதவு! இத போய் அறுத்து வெச்சிக்கிறியே, உனக்கு மூள கீதா?”

தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. அவனுக்கு அது இன்னும் ஏற்றிவிட்டது.

“நாளைக்கு நீ போய்ட்டா உனக்குக் கொள்ளி வெக்கப்போறது யாரு? நானா, இந்தப் பூனையா?”

இந்தக் கேள்வியை அவன் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த ஏணி, அந்த வாளிகள், அந்த மத்தியானத் தூக்கம், எல்லாம் இத்தனை நாளும் என் வீட்டில் இருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நீ ஒண்டிக்கட்டை, இது எப்படியும் என்னிடம்தான் வரும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வராத வாய் அப்போது வந்தது.

“கொள்ளி வெக்க வர்றப்போ சாவிய வாங்கிக்கோ. அதுவரைக்கும் நா உயிரோட கீறேன். ஊடு எனக்கு வேணும்.”

“அப்போ என் கதவக் குடு.”

“எடுத்துக்கோ.”

உள்ளே போய் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்தேன். விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று நினைத்தான். கீழ்க் கீலைக் கழற்றினேன். நடுக் கீலைக் கழற்றும்போது கதவு சரிந்தது. அவன் பதறிப்போய் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். விட்டால் அவன் மேலேயே விழும், பிடித்தால் நான் கழற்றுவதற்கு உதவுகிற மாதிரி ஆகும். லட்சுமியைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் கடைசித் திருகாணி வரை நிதானமாகக் கழற்றினேன்.

கோபத்தில் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டே போய்விட்டான். எதிர் வீட்டம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். கதவில்லாத வாசலில் நான் தனியாக நின்றேன். அழுதேனா என்றால், ஆமாம், கொஞ்சம் அழுதேன். சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் அந்த அழுகைக்குள்ளேயே ஒரு நிம்மதியும் இருந்தது. பூட்டு அந்தக் கதவோடு போய்விட்டது. அவனிடம் இருந்த சாவி இனிமேல் அவன் வீட்டில் சாய்த்து வைத்திருக்கிற கதவைத்தான் திறக்கும்.

ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, மறுநாள் லீவு போட்டு, ஊரில் ஒரு ஃபைபர் கதவுக் கடைக்குப் போனேன். சாமி இல்லை, பூ இல்லை, மொழுமொழுவென்று பழுப்பு நிறத்தில் ஒரு கதவு. எந்தப் பக்கம் பூட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். பூட்டு அப்புறம், முதலில் இந்த இடத்தில் வெட்டுங்கள் என்று அட்டையைக் கொடுத்தேன். இந்த முறை யாரும் முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த மட் ஃப்ளாப்பை வெட்டித் திருகினேன். மாட்டிய அன்றே பூனை தன் ரப்பரைக் கண்டுபிடித்து உள்ளே வந்து, சோபாவில் ஏறிக்கொண்டது.

தம்பி வரவில்லை. தெருமுனையில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். என் பிணத்துக்குக்கூட வரமாட்டான் என்று அவன் பெண்டாட்டி யாரிடமோ சொன்னதாக எதிர் வீட்டம்மா வந்து சொன்னார். சரி, அப்போது அது என் கவலை இல்லை என்றேன். மனசு வலித்தது. அதற்காகப் புதுப் பூட்டின் சாவியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடக்கவும் இல்லை.

பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் வேலை குவிகிற சமயம். வார லீவில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக அவன் வண்டி தெரிந்தது. ஏணி என்னிடம்தானே இருக்கிறது. தெரிந்துகொண்டே கேட்டேன்.

“யாரு?”

போய்விடுவான் என்று நினைத்தேன்.

“நாந்தாங்க்கா.”

“இரு, வரேன்.”

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நைட்டியில் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ள வா என்று நான் சொல்லும்வரை நின்றான்.