பாறையில் பதினாறு குழிகள்

டிவியில் 'யாருக்கும் தெரியாத வரலாறு' என்று பேசுகிறவர்கள் தாங்கள் சொல்வதை நம்பித்தான் சொல்கிறார்களா என்று யாராவது கேட்டால் எனக்குச் சலிப்புத்தான் வரும். அப்படி ஒருவருக்கு இரண்டு வருஷம் கேமரா பிடித்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கேபிள்காரர் சொந்தமாக ஒரு சானல் ஓட்டினார். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான்தான் அதற்குக் கேமரா, எடிட்டிங், டைட்டில் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒரு சார் பேசுவார். திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயருக்குக் கீழே 'வரலாற்று ஆய்வாளர்' என்று டைப் அடித்துப் போட்டவனே நான்தான்.

ஒரு வாரம் பல்லாவரம் பக்கத்தில் ஒரு பழைய கல்குவாரிக்குப் போனோம். ஒரு பாறையில் வரிசையாகப் பதினாறு குழிகள். கடல் கொண்ட நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் செதுக்கிய நட்சத்திர வரைபடம் என்றார் சார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாறையைப் பிளக்க ஆப்பு இறக்குகிற குழிகள் அவை. அந்தக் குவாரியில் என் அப்பா முப்பது வருஷம் கல் உடைத்தவர். ஆனாலும் வாயைத் திறக்காமல் ஜூம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"டேய், இது நான் அடிச்ச குழிடா! பாதியில காண்ட்ராக்டர் நிறுத்தச் சொல்ட்டான், அதான் பொளக்காம கீது."

கூட உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா நைனா, டிவியிலயே சொல்றாங்க. அந்தக் காலத்துலயே நீ பொறந்துட்டியா?"

அன்றிலிருந்து டீக்கடையில் அப்பாவைப் பார்த்தாலே, "நட்சத்திரம் வருதுடோய்!" என்று கிண்டல். அவர் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். சொத்துபத்து ஒன்றும் இல்லாத மனுஷன். 'இது நான் செய்தது' என்று கை நீட்டிக் காட்ட அந்தக் குவாரி மட்டும்தான் அவருக்கு இருந்தது.

"நீ அவர்கூடத்தானே சுத்தினுகீற. அத்த நான் அடிச்சேன்னு ஒரு தபா டிவியில சொல்லச் சொல்லு, போதும்" என்றார். அதுவரை என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை.

நிகழ்ச்சியைப் பார்த்து நிறைய போன் வந்ததால் அடுத்த வாரமும் அதே பாறைக்குப் போனோம். தயங்கித் தயங்கிச் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார், இல்லை அசடு வழிவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா அடிச்சார், சரி. ஏன் அந்த இடத்துலயே அடிச்சார்? ஏற்கெனவே அங்க குழி இருந்திருக்கும் தம்பி. தனக்கே தெரியாம அதை ஆழப்படுத்தியிருக்கார்."

நடிப்பா? இன்றுவரை தெரியவில்லை. கேமராவை நிறுத்திய பிறகும் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். பார்க்க ஆளில்லாத இடத்தில் யாருக்காக நடிக்க வேண்டும்? ஆனால் ஸ்கூட்டரை எடுக்கும்போது, "போன வாரம் மொத்தம் எத்தனை போன் வந்தது?" என்றும் கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது.

என்னிடம் சொன்னதையே அந்த ஞாயிறு டிவியிலும் சொன்னார். எடிட்டிங்கில் நான் அதை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

அப்பா முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நெசமாடா? முன்னாடியே இருந்துச்சா?"

இல்லப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சாரோடு சண்டை, கேபிள்காரரோடு சண்டை, வேலையும் போகும். யாரால் முடியும் என்று இருந்தது. என் பாழாய்ப்போன வாயில், "சார் படிச்சவருப்பா" என்று வந்தது.

அப்பா உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இருக்கும்டா. வெயில்ல நான் எங்க கவனிச்சேன்" என்றார்.

மறுநாள் டீக்கடைக்குப் போனார். வரைபடத்தைத் தொட்ட கை என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு சாகும்வரை யார் கேட்டாலும், "அத்த நான் அடிக்கல, முன்னாடியே இருந்துச்சு" என்பார். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.