மாடிக்கும் கீழுக்கும் ஒரே எண்

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் கீழ்வீட்டிலும் சித்தி மாடியிலும் இருந்தோம். இணைய இணைப்பு ஒன்றுதான். எங்கள் கூடத்து மோடத்திலிருந்து ஒரு ஒயர் எங்கள் கணினிக்கும், இன்னொன்று ஜன்னல் வழியாக மாடிக்கும் போனது. அம்மா சிதம்பரத்து மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து அனுப்புவாள். சித்தி மஸ்கட்டில் வேலையிலிருந்த சித்தப்பாவோடு முகம் பார்த்துப் பேசுவாள். இரண்டு கணினிகளும் ஒருசேர ஓடினால் ஏதாவது ஒன்றில் இணைப்பு அறுந்துவிடும்.

"வேணும்னே புடுங்கி வுடுறாங்க" என்பாள் சித்தி.

"நான் வேலைய ஆரம்பிச்சாதான் அவளுக்குப் பேச்சு வருது" என்பாள் அம்மா.

கடைசியில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. பிரசவத்துக்குத் தாய்வீடான சிதம்பரம் போயிருந்த சித்தி, குழந்தையோடு திரும்பியபோதுகூட அம்மா மாடியேறவில்லை.

சித்தப்பா மகனைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். மறுநாள் மதிய இடைவேளையில் அழைப்பதாகச் சொல்லியிருந்தார். குழந்தைக்கு மை தீட்டிச் சட்டை போட்டு, சித்தி கணினியைப் போட்டாள்.

"ஐயோ, இன்னிக்குமா!" என்றாள். கீழே அம்மாவின் கணினி ஓடிக்கொண்டிருந்தது; மாடியில் இணைப்பு இல்லை.

ஆறாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று பள்ளி விடுமுறை. மாடிக்கு ஓடினேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். கீழே வந்து மோடத்தை அணைத்துப் போட்டேன். பலனில்லை. மறுபடி ஏறினால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. கீழேயும் அது வரும். அம்மா ஈயை விரட்டுவதுபோல் மூடிவிடுவாள். நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கணினிக்குக் கணினி வேறாக இருக்கவேண்டிய இணைய முகவரி எண், இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறதாம்! இணைப்புக் கொடுக்க வந்தவர் அவசரத்தில் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எண்ணை எங்கே மாற்றுவது என்று பள்ளியில் பார்த்திருந்தேன். அதன் கடைசி இலக்கமான இரண்டை மூன்றாக்கினேன்.

கீழே அம்மா கணினியை நிறுத்தப்போவதாக அலுப்போடு சொல்வது கேட்டது. "நிறுத்தாதம்மா! உன்னுதும் ஓடட்டும்!" என்று கத்தினேன்.

இரண்டும் ஓடின. திரை முழுக்கச் சித்தப்பாவின் முகம். "டேய் ராசா!" என்று அவர் கூவ, நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். கூச்சல் கேட்டு அம்மா படியேறி வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் சித்தி. அம்மா தயங்கி உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள்.

"அண்ணி, நல்லாருக்கீங்களா?" என்றார் சித்தப்பா.

அம்மா திரையைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் சித்தியும் துடைத்தாள். இருவருக்கும் படம் மங்கலாகத் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.