நுரையை மட்டும் பார்த்த பத்தொன்பது நாள்

தொட்டி விளிம்பில் வழியும் நுரையை உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்க்கிறார் நுரையக்கா. ஆலையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அரைத்த தாதுவைத் தண்ணீரில் கரைத்து, மருந்து விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினால் செம்புத் துகள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும்; வெறும் மணல் கீழ்வழியாக வெளியேறிவிடும். "மினுமினுப்பு பத்தல, மருந்த ஒரு சொட்டு கூட்டு" என்பார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். கையில் எப்போதும் கறுப்பு நுரையின் ஈரம். அதனால் மூக்கு நுனியில் எந்நேரமும் ஒரு கறுப்புப் பொட்டு.

போல்ட் தளர்ந்தாலும் பெல்ட் கீச்சிட்டாலும் உடனே மேலாளர் அறைக் கதவைத் தட்டிவிடுவார். தொணதொணப்பு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது. என்னிடம் அவரே சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன் ஓர் இளம் பொறியாளர் புதிதாகப் பெரிய தொட்டி ஒன்றை வடிவமைத்தார். கலக்குகிற சக்கரம் தொட்டியின் அடியிலிருந்து இவ்வளவு உயரத்தில் இருக்கிறதே என்று இவர் கேட்டிருக்கிறார்.

"நீங்க நுரையப் பாருங்கக்கா, தொட்டிய நான் பாத்துக்கறேன்" என்றாராம் அவர், பத்துப் பேர் எதிரில். இவருக்குச் சுருக்கென்றது.

தொட்டி ஓடத் தொடங்கிய இரண்டாம் நாள், அடிப்பக்கத்தை ஸ்பானரால் தட்டிப் பார்த்தார். மூட்டையைத் தட்டியதுபோல் மொத்தென்றது. உள்ளே மணல் படிகிறது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னபடி நுரையை மட்டும் பார்த்தார். பத்தொன்பதாம் நாள் சக்கரம் இறுகி மோட்டார் புகைந்தது. திறந்தால் இடுப்பளவு மணல். விசாரித்தவர்களிடம், நுரை நன்றாகத்தான் இருந்தது என்றார். அது பொய்யில்லை.

பொறியாளரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போகும் முன் இவரைத் தேடி வந்து, "உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குக்கா தெரிஞ்சிருக்கும்?" என்று இவருக்கே ஆறுதல் சொன்னாராம்.

"திட்டியிருந்தாக்கூட தேவலையே" என்கிறார் நுரையக்கா.

சக்கரத்தை ஒரு சாண் இறக்கினார்கள், அவ்வளவுதான். அதே தொட்டி இன்றும் ஓடுகிறது.

போன ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தபோது, மகள் எப்படியோ அந்தப் பொறியாளரின் எண்ணைத் தேடிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். அக்காவின் குரலைக் கேட்டதுமே பொறியாளர் அடையாளம் கண்டுகொண்டார். பம்பு விற்கும் கடையில் வேலையாம். இயந்திரப் படம் வரைவதையே விட்டுவிட்டாராம்.

நுரையக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

சுவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அந்தத் தொட்டி இப்ப நல்லா ஓடுது தம்பி" என்று சொல்லிவிட்டு, போனை மகளின் மடியில் கவிழ்த்து வைத்தார்.