விசா வந்த மறுநாள்

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லாமே விசா வந்த பிறகுதான். நல்ல சோபா, எனக்கொரு சைக்கிள், தூரப் பயணம், எல்லாம். ஆகவே ஒரு காலையில் அம்மா கத்தரிக்கோலை எடுத்து என் தலைமயிரைத் தோளளவுக்கு வெட்டியபோது, இதற்காவது விசா தேவைப்படவில்லையே என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியைப் பார்த்து அழுதேன். எனக்கு ஒன்பது வயது. இடது கையை உயர்த்திப் பின்னல் போட அம்மாவால் முடியவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்தில் இன்ஜினியராக இருந்தவர். இந்த வெளிநாட்டில், நாங்கள் குடியிருந்த ஏவன்டேலிலிருந்து விடியமுன் காரில் புறப்பட்டு, புக்கெகோஹி என்ற தோட்ட ஊரில் காய்கறி பொதி செய்யும் ஒரு கொட்டகையில் மெஷின் திருத்தினார். அந்த வேலையைக் காட்டித்தான் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்திருந்தோம். அதற்கான மருத்துவப் பரிசோதனையும் முடிந்திருந்தது. எப்போது கேட்டாலும் வரிசையில் இருக்கிறது என்றே பதில் வரும். அம்மாவின் மார்பில் கட்டி தட்டுப்பட்டது அதற்குப் பிறகு.

பக்கத்து வீட்டு மாமி தமிழ்நாட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அம்மா வெங்காயப் பையைத் தூக்க முடியாமல் நின்றதைப் பார்த்துவிட்டார்.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார்."

"காட்டுறன். விசா வரட்டும்" என்றார் அம்மா.

அன்று மாலை குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அப்பா கெஞ்சினார். "விசா கிடக்கட்டும். நாளைக்கு நான் லீவு போடுறன்."

"திரும்பவும் மெடிக்கல் கேட்டா என்ன செய்வியள்? என்னால எல்லாருக்கும் விசா இல்லையெண்டு போயிடும். பிள்ளையைச் சண்டைக்குள்ள திருப்பிக் கொண்டுபோக என்னால ஏலாது. கொஞ்ச நாள்தானே."

அந்தக் கொஞ்ச நாள் ஒரு குளிர்காலத்தைத் தாண்டி, கோடையையும் தாண்டியது.

விசா வந்தபோது அப்பா பாஸ்போர்ட்டுகளைச் சாமிப்படத்தின் முன் வைத்துவிட்டு விம்மினார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று விளங்கிக்கொண்டேன். மாமி கேசரி கொண்டுவந்தார்.

மறுநாள் காலை அம்மா நல்ல சேலை உடுத்துக்கொண்டார். கோயிலுக்கு என்று நினைத்தேன், டாக்டரிடம் போனோம். கூட வர நின்ற அப்பாவை, வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று அம்மா அனுப்பிவிட்டார். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போதும், டாக்டருக்குப் போதாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் நான். எனக்கு அதில் பெரிய பெருமை.

திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்த டாக்டர் வெகுநேரம் கை கழுவினார். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார்.

"இப்பதான் எண்டு சொல்லு" என்றார் அம்மா. விசா வந்தும் அவருக்குப் பயம் போகவில்லை.

சொன்னேன். டாக்டர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். அப்பா எங்கே என்று கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார். நடுவில் ஒரு சொல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத சொல். தெரியாததை எப்படித் தமிழில் சொல்வது? விட்டுவிட்டேன்.

"பெரியாஸ்பத்திரிக்கு உடன போகட்டாம். அப்பாவும் வரட்டாம்."

"வேற என்ன சொன்னவர்?"

"வேற ஒண்டுமில்லை அம்மா."

அடுத்த குளிருக்கு அம்மா இருக்கவில்லை. டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் யன்னலோரம் எனக்கு இடம் விட்டு, என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். நான் அந்தப் புதுச்சொல் மறந்துபோகாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மாமியிடம் அர்த்தம் கேட்க வேண்டும் என்று.